முன்னிலையில்

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில்
நான்காவது குடை என்னுடையது.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், டைப்பிங் பக்கத்துக்கு நாற்பது.
கரண்ட் டீக்கடையிலிருந்து இழுத்தது.
வெயிலுக்குக் காசு வாங்குவதில்லை.

அம்சவேணி பையைக் கவிழ்த்தாள்.
பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிக்கூட போனஃபைடு,
தாஷ்கண்டிலிருந்து வந்த அழைப்புக் கடிதம்,
அதன்மேல் வட்டமாக ஒரு சாம்பார்க் கறை.
"பொண்ணு வெயிட் தூக்கப் போவுது.
பதினஞ்சு முடியல. மாஸ்டர்தான் கூட்டிக்கினு போறாரு."

பதினெட்டு ஆகாத பிள்ளை தனியே எல்லை தாண்ட
அப்பா அம்மா இருவரும்
ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும்.
பயணத்துக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று.
பாஸ்போர்ட்டுக்கு, இருவரும் கையெழுத்துப் போடுவது டி படிவம்.
ஒருவர் மட்டும் போட்டு
மற்றவர் ஏன் இல்லை என்று சொல்வது சி.

"சி" என்றாள்,
காய்கறிக்காரனிடம் கால் கிலோ என்பதுபோல.

காரணம் கேட்டேன். கேட்காமல் அடிக்க முடியாது.
இறந்துவிட்டாரா? இல்லை.
விவாகரத்தா? இல்லை.
இருக்குமிடம் தெரியாதா?
பேரணாம்பட்டு பலகையோடு ஒரு பஸ் போயிற்று.
அது பாலமேறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தற்போது உடன் வசிக்கவில்லை' என்று அடித்தேன்.
அந்தத் 'தற்போது' வேண்டுமா என்றேன்.
யோசித்தாள்.
இருக்கட்டும் என்றாள்.

லோகிதா அதுவரை வாய் திறக்கவில்லை.
உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.
போன வாரம் தபாலாபீஸ் மெஷின்
அவள் கட்டைவிரலை மூன்று தரம் வேண்டாமென்றதாம்.
நாலாம் தரம் எடுத்துக்கொண்டதாம்.
அப்புறம், அப்பா கையெழுத்து எங்கே என்று
ஆளையே திருப்பி அனுப்பினார்களாம்.

ஸ்போர்ட்ஸ் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள்.
டி. ஒரு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.
ஓரத்தில் நீலக் கறை,
தோல் ஷாப்பில் குரோம் ஏறிய விரல்.
"ஞாயித்துக்கிழம போனேன்.
எவ்ளோ தூக்கறன்னு கேட்டாரு. எழுவத்திரெண்டுன்னேன்.
ஒரு உப்பு மூட்டைன்னாரு.
ஒண்டியாவான்னாரு."

அம்சவேணி தாளை வெயிலுக்கு நேரே பிடித்தாள்,
ஐநூறு ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல.
"ழு போட்டுக் கீழ இழுக்கறது... அவருதான்."

நோட்டரி கன்னியப்பன் சார்
ஒரு வரியில் விரல் வைத்தார்:
என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.
"என் முன்னால எங்கம்மா போட்டாரு?
ஆள் வரணும்."

லோகிதா போனோடு புளியமரம்வரை நடந்துபோனாள்.
பிறகு மூன்று மணி நேரம்.
நான் ஒரு வாடகை ஒப்பந்தமும் இரண்டு பெயர் மாற்றமும் முடித்தேன்.
தாயும் மகளும் ஒரே வெள்ளரிப் பிஞ்சைப் பாதி பாதி தின்றார்கள்.

வந்தவர் சர்வீஸ் ரோட்டின் அந்தப் பக்கம்
கரும்புச்சாறு வண்டியருகில் நின்றார்.
தம்ளர் காலியான பிறகும் நின்றார்.
அம்சவேணி அந்தப் பக்கம் திரும்பவில்லை,
முந்தானையை மட்டும் சரிசெய்துகொண்டாள்.

ஆளைக் கூப்பிடுவது என் வேலையில்லை.
கட்டங்களை நிரப்புவது என் வேலை.
குடும்பப் பெயர் என்ற இடத்துக்கு வந்திருந்தேன்.
"ஏ. லோகிதாவில் ஏ-ன்னா இன்னாம்மா? விரிச்சு சொல்லு."

ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ஏழுமலை" என்றாள்,
லாரிக்கும் மேலே கேட்கிறமாதிரி.

அவர் தம்ளரை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார்.
கையைச் சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.
பேனா மூடியைக் கழற்றித் தந்தது அம்சவேணி.
இந்தத் தரம் ழுவுக்குக் கீழே இழுக்கவில்லை.
கன்னியப்பன் சார் அதைக் கேட்கவில்லை.
சிவப்பு முத்திரை விழுந்தது.

நாற்பது ரூபாயை இருவரும் நீட்டினார்கள்.
சில்லறையாக இருந்ததை வாங்கிக்கொண்டேன்.